புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

8.35 பெரிசா, 8.5 பெரிசா?

யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். சரியாகத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி மனசு தடுமாறியதா இல்லையா? அந்த முப்பத்தைந்து, இந்த ஐந்தை விடப் பெரிசாகத் தெரிந்ததா இல்லையா? அந்த ஒரு நொடித் தடுமாற்றத்தில்தான் நம்ம ஊரில் பணம் போகிறது, நிலம் போகிறது, ராத்திரித் தூக்கம் போகிறது, பிள்ளைகளின் மார்க்கும் போகிறது. யாராவது இதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களா என்றால், இல்லை. தெருவுக்கு நாலு இன்ஜினியர் இருக்கிற ஊர் இது. ஒரு புள்ளியைத் தாண்டி ஒரு எண்ணைப் படிக்க நமக்கு ஏன் இத்தனை பாடு?

முதலில் பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் அக்கா மகள் கணக்குத் தேர்வுத் தாளோடு வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. ‘எது பெரியது: 0.5, 0.125?’ என்று ஒரு கேள்வி. இவள் 0.125 என்று எழுதியிருக்கிறாள். மேலே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு சைபர். கீழே, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி ஒரு உத்தரவு. அவ்வளவுதான். ஏன் தப்பு என்று அரை வரி? கிடையாது.

“நூத்தி இருபத்தஞ்சு பெரிசு இல்லையா சித்தி?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடம் அவளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்தது! இலக்கம் கூடினால் எண் பெரிசு. 9-ஐ விட 10 பெரிசு. 99-ஐ விட 100 பெரிசு. ஒன்றாம் வகுப்பிலிருந்து மனசில் ஆழமாகப் பதிய வைத்த விதி. திடீரென்று ஒருநாள் போர்டில் ஒரு புள்ளியை வைத்து, இனி அந்த விதி செல்லாது என்கிறோம். ஏன் செல்லாது என்று நின்று நிதானமாகச் சொன்னோமா? அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எதையும் எழுதவில்லை. தனக்குத் தெரிந்த விதியை நம்பி, அதை அப்படியே போட்டுப் பார்த்திருக்கிறாள். அதற்குக் கிடைத்தது சைபர்.

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். கோடு போட்ட ஒரு லிட்டர் ஜாடியை எடுத்தேன். 0.5 லிட்டர் என்றால் 500 மில்லி, ஊற்று. 0.125 லிட்டர் என்றால் 125 மில்லி, அதையும் ஊற்று. ஊற்றினாள். “அய்யோ, இவ்ளோதானா?” என்றாள். முடிந்தது பாடம். புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒரு பங்கு, அதற்கடுத்தது நூறில் ஒரு பங்கு, அதற்கும் அடுத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.5-இல் பத்தில் ஐந்து பங்கு இருக்கிறது. 0.125-இல் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. பின்னால் வரும் 2, 5 எல்லாம் அதைவிடச் சின்னத் துண்டுகள். அவை எல்லாம் சேர்ந்தாலும் இன்னொரு பத்தில் ஒரு பங்கு தேறாது. அப்படியென்றால் முதல் இடத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டதே! இதைச் சொல்ல ஒரு ஜாடியும் கொஞ்சம் தண்ணீரும் போதும். நம் வகுப்பறைகளில் இது ஏன் நடக்கவில்லை?

இன்னொரு கொடுமை இருக்கிறது. தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளை பல சமயம் முழு மார்க் வாங்கிவிடும். எப்படி என்று கேளுங்கள். ‘ஏறுவரிசையில் எழுதுக: 0.36, 0.81, 0.27, 0.54’ என்று கேள்வி வருகிறது. எல்லாவற்றிலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டே இலக்கம். புள்ளியைக் கையால் மறைத்துவிட்டு 36, 81, 27, 54 என்று முழு எண்ணாகப் படித்தாலும் விடை சரியாக வந்துவிடும். டீச்சர் டிக் போடுகிறார். அம்மா அப்பாவுக்குச் சந்தோஷம். பிள்ளைக்குத் தசம எண் தெரியும் என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் 0.4, 0.38, 0.4075 என்று கலந்து கேட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. நூறில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கை விடச் சின்னது என்று பாதி காதில் வாங்கிய பிள்ளை, இலக்கம் கூடினாலே எண் சின்னது என்று முடிவு கட்டிவிடும். அதனிடம் கேட்டால் 0.65-ஐ விட 0.3 பெரிசு என்று சொல்லும். ஆனால் என் அக்கா மகள் கோட்டைவிட்ட 0.5, 0.125 கேள்விக்கு அந்தப் பிள்ளை சரியான விடை எழுதி மார்க் வாங்கிவிடும்! இரண்டு பிள்ளைகளுக்குமே விஷயம் புரியவில்லை. ஒன்றுக்கு டிக், ஒன்றுக்கு சைபர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எண்ணி நிறுத்தாமல், பிள்ளை எந்த ஜோடியில் தப்பு செய்கிறது என்று பார்த்தார்கள். இலக்கம் சமமில்லாத ஜோடிகளாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால், பிள்ளையின் மனசுக்குள் ஓடும் விதி வெளியே வந்துவிடும். ஒரு பக்கக் கேள்வித்தாள் போதும். மார்க்குக்காக இத்தனை தேர்வு வைக்கிறோமே, புரிந்ததா என்று பார்க்க ஒன்று வைக்கக்கூடாதா?

டியூஷனில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் தெரியுமா? “பின்னாடி சைபர் போட்டுச் சமமாக்கு.” 0.5-ஐ 0.500 ஆக்கு, பிறகு 500, 125 என்று ஒப்பிடு. குறுக்குவழி சரிதான், விடை வரும். ஆனால் சைபர் ஏன் போடலாம்? பத்தில் ஐந்தும் ஆயிரத்தில் ஐந்நூறும் ஒரே அளவு என்பதால். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டால், சைபர் போட்டதும் எண் வளர்ந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கும். இல்லையென்றால் சைபரைப் புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து 0.05 ஆக்கும். காரணம் சொல்லாத குறுக்குவழி தேர்வு வரைக்கும்தான் வரும்.

பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன செய்ய? அவர்களைச் சுற்றி நாம் வைத்திருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். கிரிக்கெட்டில் 19.5 ஓவருக்கு அடுத்த பந்தில் 20 ஓவர் முடிகிறது. அங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்து எண்ணிக்கை. ஆறு பந்தானால் அடுத்த ஓவர். 19.3 ஓவர் என்றால் பத்தொன்பதரை. கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு கொண்டுவரும் தாளில் பையன் உயரம் 5.11, பெண் உயரம் 5.4. அது அடியும் அங்குலமும். 5.9 பையனை விட 5.11 பையன் உயரம். தசம எண்ணாகப் படித்தால் 5.9-தான் பெரிசு. பஸ் 9.30-க்கு. அது ஒன்பதரை. செல்போன் ஆப் 3.9-லிருந்து 3.10-க்கு அப்டேட் ஆகிறது. இதெல்லாம் போகட்டும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள், இயற்கணிதப் பாடத்தைத் திருப்புங்கள். பயிற்சி 3.9-க்கு அடுத்து பயிற்சி 3.10! முதல் பயிற்சியின் பெயர் 3.1. கணக்குப்படி 3.1-உம் 3.10-உம் ஒரே எண்தானே! கணக்குப் புத்தகமே இப்படி நம்பர் போட்டால், பிள்ளை எதை நம்பும்? இந்தப் புள்ளி வேறு, அந்தப் புள்ளி வேறு என்று எந்தப் பெரியவராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறாரா?

நம் காலத்தில் கையில் பைசா இருந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்குப் போய், 100 நயா பைசா வந்தது. பெட்டிக்கடைக்குப் போன பிள்ளைக்கு 5.50-க்கும் 5.05-க்கும் உள்ள வித்தியாசம் மிட்டாய் எண்ணிக்கையில் தெரிந்தது. 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் செல்லாமல் போனது. இன்றைய பிள்ளை கையில் காசே இல்லை, எல்லாம் ஸ்கேன்தான். அதனால் இந்தத் தலைமுறைக்குத் தசம எண்ணைத் தனியாகச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு கூடியிருக்கிறது. பாடம் மட்டும் அதே பழைய வேகத்தில் ஓடுகிறது.

சரி, பெரியவர்கள் பக்கம் வருவோம். எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

ஒரு வங்கிக் கவுன்ட்டரில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். ரிட்டயர்மென்ட் பணத்தில் போட்ட டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்திருக்கிறார். போன தடவை வட்டி 7.5. இந்தத் தடவை 7.25. பாரத்தைப் பார்த்தவர் முகம் மலர்ந்து, “பரவாயில்லையே தம்பி, அஞ்சு இருபத்தஞ்சாயிடுச்சு, ஏத்திட்டாங்க போல” என்றார். உள்ளே இருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். நான்தான் பொறுக்க மாட்டாமல், “ஐயா, குறைஞ்சிருக்கு. பத்து லட்சத்துக்கு வருஷம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கம்மி” என்றேன். பெரியவர் என்னை நம்பவே இல்லை. தம்பி என்னை முறைத்தார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். சொல்வது தன் வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த மௌனம் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

இதே உலகம் கடன் கொடுக்கும்போது எப்படிப் பேசுகிறது? வீட்டுக் கடன் வட்டியை 8.5-லிருந்து 8.35-க்குக் குறைக்க முடியுமா என்று ஒரு இடத்தில் கேட்டேன். “பாயிண்ட் ஒன் ஃபைவ்தானே மேம், அதுல என்ன வந்துடப் போகுது?” என்று பதில். என்ன வரும்? ஐம்பது லட்சம் ரூபாய், இருபது வருஷம் என்று வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். 8.5-இல் மாதத் தவணை சுமார் 43,390 ரூபாய். 8.35-இல் சுமார் 42,920. மாதம் நானூற்றி எழுபது ரூபாய் என்றால் இருபது வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் படிப்புச் செலவு அந்தப் புள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வாங்குபவன் கேட்டால் அது ஒன்றுமே இல்லையாம். அவர்கள் வட்டியை ஏற்றும்போது மட்டும் அதே பாயிண்ட் ஒன் ஃபைவ் ஒரு நாள் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

நகைக்கடன் விளம்பரம் இன்னும் மோசம். ‘வட்டி வெறும் 0.99%’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மாதத்துக்கு’. எதிர்த் தெருவில் இருக்கும் வங்கியில் ‘ஆண்டுக்கு 9.5%’ என்று எழுதியிருக்கும். ஜனம் என்ன செய்யும்? ஒன்பதரை எங்கே, ஒன்றுக்கும் கீழே எங்கே என்று 0.99 பக்கம் ஓடும். 0.99-ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 11.88. இப்போது சொல்லுங்கள், எது பெரிசு? இரண்டு எண்ணை ஒப்பிடும் முன்னால் இரண்டும் ஒரே அளவையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது பள்ளியில் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம். நம் ஆட்கள் அதை அடகுக்கடை வாசலில் வட்டி கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள்.

நிலத்துக்கு வாருங்கள். ஒரு ஏக்கருக்கு 100 சென்ட். பத்திரத்தில் 1.05 ஏக்கர் என்றால் ஒரு ஏக்கர் ஐந்து சென்ட். 1.5 ஏக்கர் என்றால் ஒன்றரை ஏக்கர், அதாவது ஒரு ஏக்கர் ஐம்பது சென்ட். வாயால் சொல்லும்போது இரண்டையுமே “ஒண்ணு புள்ளி அஞ்சு” என்று சொல்லிவிட்டுப் போகிற ஆட்கள் எத்தனை பேர்! நடுவில் இருக்கும் வித்தியாசம் 45 சென்ட். சதுர அடியில் 19,602. கிரவுண்டு கணக்கில் எட்டுக்கு மேல்! பட்டாவை எடுத்தால் அங்கே ஹெக்டேர், ஏர் என்று வேறு கணக்கு. 42.5 ஏர் என்று போட்டிருக்கும். அதுதான் இந்த 1.05 ஏக்கர். பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, புரோக்கர் வாயில் இன்னொன்று. எங்கள் சொந்தத்திலேயே பாகப்பிரிவினையில் இந்தப் புள்ளியை வைத்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தம்பி ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் நம்புகிறார். யாரும் ஏமாற்றவில்லை. ஒரு சைபரை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பணம்தானே என்று விட்டுவிடலாம். உடம்பு விஷயத்தில் எப்படி விடுவது?

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். கையில் லேப் ரிப்போர்ட். போன தடவை கிரியேட்டினின் 1.2. இந்தத் தடவை 1.15. “ரெண்டு இருந்தது பதினஞ்சு ஆயிடுச்சு, கிட்னி போச்சு போல” என்று நடுங்குகிறார். “அக்கா, குறைஞ்சிருக்குக்கா! 1.2-ன்னா 1.20. இருபதிலேர்ந்து பதினஞ்சா வந்திருக்கு” என்று சொல்லிச் சொல்லி அவரை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலமே லேபில் கேட்டிருக்கிறார். “டாக்டர்கிட்டதான் கேக்கணும்” என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் இரண்டு நாள் கழித்து. ஒரு ராத்திரி முழுக்க அந்த அம்மா தூங்கவில்லை. இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே மாதிரி இரண்டு இலக்கம் அச்சடித்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்குமா?

மருந்து அளவில் விஷயம் இன்னும் கூர்மையானது. தைராய்டுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சின் மாத்திரை 12.5 மைக்ரோகிராமிலும் வருகிறது, 125 மைக்ரோகிராமிலும் வருகிறது. சீட்டில் கிறுக்கிய ஒரு புள்ளி கண்ணில் படவில்லை என்றால் பத்து மடங்கு மருந்து. இப்படிப்பட்ட விபத்துகளைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இரண்டு விதி வைத்தது. ஒன்றுக்குக் கீழான அளவு என்றால் முன்னால் சைபர் போட்டே எழுத வேண்டும்: 0.5 என்று. வெறும் .5 என்று எழுதினால் யாராவது 5 என்று படித்துவிடுவார்கள். முழு அளவுக்குப் பின்னால் புள்ளியும் சைபரும் போடவே கூடாது: 1 மில்லிகிராமை 1.0 என்று எழுதினால் 10 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 2004-லேயே இந்தத் தப்பான எழுத்துமுறைகளைத் தடைப்பட்டியலில் போட்டது. நம்ம ஊர் மருந்துச்சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை சீட்டில் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது? குழந்தைக்குச் சொட்டு மருந்து 0.5 மில்லியா, 0.25 மில்லியா என்று மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் அப்பாக்களை நீங்கள் பார்த்ததில்லையா?

மக்களுக்கு மூளை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2024 மே 18 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை, பெங்களூரு இரண்டு அணிக்கும் 14 புள்ளி. நெட் ரன் ரேட் பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. பிளே ஆஃபுக்குப் பெங்களூரு போனது. டீக்கடையில் இருந்த பையனிலிருந்து எங்கள் வீட்டுப் பாட்டி வரைக்கும் அந்த இரண்டு தசம எண்ணில் எது பெரிசு என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி, 55.41-இல் ஓடியவரிடம் வெண்கலத்தை விட்டதை நினைத்து நூறில் ஒரு வினாடிக்காக நாடே அழுததே! அங்கே எண் சின்னதாக இருப்பதுதான் நல்லது என்பதுகூட எல்லாருக்கும் புரிந்தது. நகைக்கடையில் 2.050 கிராமுக்கும் 2.500 கிராமுக்கும் யாராவது குழம்பிப் பார்த்திருக்கிறீர்களா?

அங்கெல்லாம் ஏன் குழப்பம் இல்லை? கவனித்துப் பாருங்கள். நெட் ரன் ரேட் என்றால் எப்போதும் மூன்று இலக்கம். ஓட்டப்பந்தயம் என்றால் எப்போதும் இரண்டு இலக்கம். நகைக்கடைத் தராசில் எப்போதும் மூன்று இலக்கம். எல்லா எண்ணும் சமமாக நிற்கிறது. படிப்பவருக்குச் சிரமமே இல்லை. ஜெயிப்பது தோற்பது என்று வந்தாலும், விற்பவருக்கு நஷ்டம் என்று வந்தாலும் எவ்வளவு ஒழுங்காக அச்சடிக்கத் தெரிகிறது பாருங்கள்! நஷ்டம் உங்களுக்கும் எனக்கும் என்றால் மட்டும் ஒரு தாளில் 7.5, இன்னொரு தாளில் 7.25. ஒரு ரிப்போர்ட்டில் 1.2, இன்னொரு ரிப்போர்ட்டில் 1.15.

என் ஆதங்கம் மொத்தமும் இதுதான். பிள்ளை தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டிய வகுப்பறையில் இலக்கத்தைச் சமமாகக் கொடுத்து, புரியாததை மூடி மறைக்கிறோம். ஜனம் தடுமாறவே கூடாத வங்கியிலும் லேபிலும் இலக்கத்தை இஷ்டத்துக்கு விட்டு, அவர்களை விழ வைக்கிறோம். எங்கே எது வேண்டுமோ, அங்கே அதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். விழுந்தவரைப் பார்த்து, “கணக்குத் தெரியாதா?” என்று வேறு கேட்கிறோம்.

என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அரைப் படி உரி, கால் படி உழக்கு, அரைக்கால் படி ஆழாக்கு என்று அவருக்குக் கையில் கணக்கு இருந்தது. முக்கால் படி பெரிசா, அரையே அரைக்கால் படி பெரிசா என்று கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் சொல்வார். இன்றைய கணக்கில் அது 0.75-உம் 0.625-உம். அவர் அரிசியை அளந்து பார்த்துக் கற்றார். நம் பிள்ளைகள் எதையும் அளக்காமலே விடை எழுதப் பழகிவிட்டார்கள்.

2024 ஜூலையில் ஒரு செய்தி சுற்றியது, பார்த்திருப்பீர்கள். 9.11 பெரிசா, 9.9 பெரிசா என்று கேட்டதற்கு, உலகமே வியந்து பேசும் ஏஐ சாட்பாட்கள் சில 9.11 என்று சொல்லின. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவை மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்து வளர்ந்தவை. தேதியும், வெர்ஷன் நம்பரும், பயிற்சி எண்ணும், தசம எண்ணும் ஒரே புள்ளியோடு குவிந்து கிடக்கிற உலகம் நம்முடையது. என் அக்கா மகள் செய்த அதே தப்பைத்தான் அவையும் செய்தன. அவற்றைத் திருத்தப் பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அக்கா மகளுக்குச் சைபரோடு சரி.

இதற்கு என்னதான் வழி என்று கேட்கிறீர்களா? கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் வேண்டாம்.

டீச்சர்களே, புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ‘புள்ளி நூற்றி இருபத்தைந்து’ என்ற பேச்சே வகுப்பில் வேண்டாம். ‘புள்ளி ஒன்று இரண்டு ஐந்து’ என்று சொல்லுங்கள். தேர்வில் இலக்கம் சமமில்லாத எண்களைக் கலந்து கேளுங்கள். தப்பு செய்த பிள்ளையிடம் ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதன் பதிலிலேயே உங்கள் அடுத்த பாடம் இருக்கும். பாடப்புத்தகம் தயாரிப்பவர்களே, பயிற்சிக்கு நம்பர் போட வேறு குறி எத்தனையோ இருக்கிறது. வங்கிக்காரர்களே, வட்டியை எங்கே அச்சடித்தாலும் இரண்டு இலக்கமாக, ஆண்டுக் கணக்கில் போடுங்கள்; பக்கத்தில் ரூபாயிலும் சொல்லுங்கள். லேப்காரர்களே, போன ரிப்போர்ட்டும் இந்த ரிப்போர்ட்டும் ஒரே இலக்கத்தில் இருக்கட்டும். கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்தால் உங்கள் மை தீர்ந்துவிடாது. டாக்டர்களே, உங்கள் பேனாவில் அந்தப் புள்ளி கொஞ்சம் அழுத்தமாக விழட்டும், அதற்கு முன்னால் சைபரும் விழட்டும்.

நீங்களும் நானும் செய்ய வேண்டியது ஒன்றுதான். புள்ளி வைத்த இரண்டு எண் கையில் வந்தால், கையெழுத்துப் போடும் முன்னால், பயப்படும் முன்னால், சந்தோஷப்படும் முன்னால், முதலில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் முழு எண்ணைப் பாருங்கள்; அது சமம் என்றால், புள்ளிக்குப் பின்னால் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் எது மாறுகிறதோ, அங்கேயே விடை இருக்கிறது. 8.35, 8.5: எட்டும் எட்டும் சமம், மூன்றை விட ஐந்து பெரிசு, முடிந்தது. பக்கத்தில் நிற்பவர் தடுமாறினால் வாயைத் திறந்து சொல்லுங்கள். தெரிந்தவர்கள் பேசாமல் இருப்பதால்தான் தெரியாதவர்கள் ஏமாறுகிறார்கள்.